தண்ணீருக்கு எத்தனை டிபை

மார்ச் 4

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். இந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது. என் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருஷமாகியும் உங்களை ஒரு நாளும் நான் அண்ணி என்று கூப்பிட்டதில்லை. ஆறு வருஷம் ஒரே ஆய்வகத்தில், ஒரே மேசையில் உட்கார்ந்தவளை என்னவென்று கூப்பிடுவது? 'டீ' போட்டுத்தான் கூப்பிட்டேன். அந்த உரிமை இனி வேண்டாம்.

நடந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் பேராசிரியர் கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டார். இடது பக்கம் என் பன்னிரண்டு சாயங்களின் டைபோல் மொமென்ட், நான் அளந்தது. வலது பக்கம் அதே பன்னிரண்டு, நீங்கள் கணினியில் கணக்கிட்டுத் தபாலில் அவருக்கு அனுப்பியது. முதல் சாயத்துக்கு என்னுடையது 6.2, உங்களுடையது 2.4. மூன்றாவதற்கு 4.8, எதிரே 1.9. ஏழாவதற்கு 7.6, எதிரே 3.0. இப்படியே பன்னிரண்டும். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "உன் பென்சீன்ல தண்ணி பூந்திருக்கு. அதான் எல்லாம் ஊதிப்போய் வந்திருக்கு. பன்னிரண்டையும் மறுபடி அள" என்றார். எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு சாயத்தை ஒழுங்காக அளக்க இரண்டு வாரம் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டுக்கு இருபத்து நான்கு வாரம். என் பதிவு ஜூன் 30-ஆம் தேதியோடு முடிகிறது. இருப்பது பதினேழு வாரம். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஏழு வருஷமும் போச்சு. இதுவும் உங்களுக்குத் தெரியும்.

சாயத்தைக் கரைக்கும் பென்சீனுக்குள் சோடியம் கம்பி போட்டு, ஒவ்வொரு பாட்டிலையும் நானே உலர்த்தி, நானே வடித்து எடுத்தேன். அந்த வேலையில் இடது மணிக்கட்டில் பட்ட சூட்டுக்கு மருந்து தடவியது யார் என்று நினைவிருக்கிறதா? அந்தக் கைக்காரி தண்ணீரை உள்ளே விட்டுவிட்டாள் என்று நம்ப உங்களுக்கு ஒரே ஒரு தாள் போதுமாக இருந்திருக்கிறது. அதை எனக்கு முதலில் அனுப்பியிருக்கலாம். ஒரு நாள் முன்னால், ஒரு வரி எழுதியிருக்கலாம்.

போன் செய்ய வேண்டாம். ஆய்வகத்தில் இருக்கும் ஒரே போன் பேராசிரியரின் மேசையில் இருக்கிறது. அவர் முன்னால் நின்று நான் அழ மாட்டேன்.

இந்த மாதம் குழந்தையைப் பார்க்க வருவதாக இருந்தேன். வரவில்லை. பெட்டியில் வைத்த துணியையெல்லாம் எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கிவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் நாத்தனார்


மார்ச் 11

அடியே சொட்டு,

நீ என்ன வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள். நான் உன்னைச் சொட்டு என்றுதான் கூப்பிடுவேன். குப்பியின் அடியில் ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் மறுபடி கழுவுகிற பைத்தியத்துக்கு அந்தப் பேரை வைத்ததே நான்தான்.

உன் கடிதத்தைக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவருகில் நின்றபடியே படித்தேன். மூன்று முறை. உன் அண்ணன் எட்டிப் பார்த்து, கடைசி வரியைப் படித்துவிட்டு, "நாத்தனாரா? அது யாரு புதுசா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ சொல்வதில் ஒன்று சரி. உனக்குத்தான் முதலில் அனுப்பியிருக்க வேண்டும். பேராசிரியர் ஆண்டறிக்கைக்காக மார்ச் ஒன்றுக்குள் வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்த வாரம் குழந்தைக்கு நான்கு நாள் காய்ச்சல். எண்களை ஒரு தாளில் எழுதி, மேலே 'டிபை' என்று அலகைத் தலைப்பாகப் போட்டு, உறையில் திணித்து, தபால்பெட்டியில் போட்டுவிட்டு ஓடி வந்தேன். உனக்கு மறுநாள் எழுதலாம் என்று நினைத்தேன். மறுநாள் மறுபடி காய்ச்சல். இது சாக்கு இல்லை. சரி, சாக்குதான்.

ஆனால் எண் எண்தான் அடி. இரண்டு விதமான முறையில் கணக்குப் போட்டேன். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறது. உன்னோடு மட்டும் ஒத்துப்போகவில்லை. நான் என்ன செய்ய? சிநேகிதி கோபித்துக்கொள்வாள் என்று புள்ளியை நகர்த்தி வைக்கச் சொல்கிறாயா? எனக்குத் தசமம் என்று பட்டப்பேர் வைத்தவளே நீதானே. போன மழைக்காலத்தில் உன் பென்சீன் ஒரு தடவை கலங்கிப் போனதும் நினைவிருக்கிறது. நீயே எழுதியிருந்தாய்.

இங்கே நான் படும் பாடு உனக்குத் தெரியாது. புதிய கணினி, புதிய புரோகிராம். ஒரு மூலக்கூறுக்கு நூறு பக்கம் அடித்துத் தள்ளுகிறது. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு நூறு பக்கம் புரட்ட முடியுமா? கணினி அறைப் பொறுப்பு உன் அண்ணனுடையது என்பதால் பிழைத்தேன். எனக்காக அவரே ஒரு சின்னப் புரோகிராம் எழுதித் தந்திருக்கிறார். அது அந்த நூறு பக்கத்திலிருந்து எனக்கு வேண்டிய ஒரே ஒரு எண்ணைப் பொறுக்கி, பன்னிரண்டு மூலக்கூறுக்கும் ஒரே தாளில் கொடுத்துவிடும். அவருக்கு வேதியியல் ஒன்றும் தெரியாது. டைபோல் மொமென்ட் என்றால் என்ன என்று கேட்டார். "மூலக்கூறுல ஒரு பக்கம் கொஞ்சம் பிளஸ், இன்னொரு பக்கம் கொஞ்சம் மைனஸ். எவ்வளவு சார்ஜ், எவ்வளவு தூரம் தள்ளி நிக்குது, ரெண்டையும் பெருக்கினா அதான்" என்றேன். "அப்போ நீயும் என் தங்கச்சியும் இப்ப நிக்கிற மாதிரி" என்றார். அவர் முதுகில் ஒன்று வைத்தேன்.

குட்டி இப்போது ஆறு எண்ணூறு. தானாகக் குப்புற விழுகிறாள்.

ஜூன் 30 நினைவிருக்கிறது. அதை நினைக்காத நாள் இல்லை. ஆனால் எண்ணை மாற்ற என்னால் முடியாது.

உன்,
தசமம்


மார்ச் 19

அண்ணிக்கு,

முதல் சாயத்தை மறுபடி அளந்தேன். புதிய பாட்டில் பென்சீன், புதிய சோடியம் கம்பி. 6.2 வந்தது. பழையதும் 6.2.

கலங்கிய பென்சீனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை அன்றே கீழே கொட்டினேன். அதை உங்களுக்கு எழுதியது சிநேகிதியிடம் புலம்புவதற்காக. சாட்சி சொல்வதற்காக அல்ல.

நேற்று உங்கள் எண்களையும் என் எண்களையும் பக்கத்தில் வைத்து வகுத்துப் பார்த்தேன். ஒன்றுக்கு 2.6 மடங்கு, அடுத்ததற்கு 2.5, அதற்கடுத்ததற்கு மறுபடி 2.5. ஒன்பதாவது மட்டும் 3.0, அதை விடுங்கள். மற்ற பதினொன்றும் ஒரே கதை. தண்ணீர் புகுந்திருந்தால் ஒரு பாட்டிலில் அதிகம் புகும், ஒன்றில் குறைவாகப் புகும். பதினொரு பாட்டில் முன்னாலும் வரிசையில் நின்று, சமமாகப் பிரித்துக்கொண்டு உள்ளே போவதற்குத் தண்ணீருக்கு அவ்வளவு நியாய உணர்வா?

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். காலையில் நம் ஆய்வகத்தில் முதல் வேலை என்ன? நீங்களும் ஆறு வருஷம் செய்ததுதான். எந்தப் புதுச் சாயத்தையும் தொடுவதற்கு முன்னால், ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு திரவத்தை அளந்து பார்ப்போம். தெரிந்த எண் வந்தால்தான் அன்று கருவியை நம்புவோம். வராவிட்டால் அன்று அடுப்பு மூட்ட மாட்டோம். உங்கள் கணினியில் அந்த வழக்கம் உண்டா? பன்னிரண்டு புது மூலக்கூறைப் போட்டீர்களே, தெரிந்தது ஒன்றையாவது போட்டீர்களா? வேறெதுவும் வேண்டாம். தண்ணீரைப் போட்டுப் பாருங்கள். என் பாட்டிலில் தேடியதை உங்கள் கணினியிலும் கொஞ்சம் தேடுங்கள்.

பிறகு, 'ஆறு எண்ணூறு' என்றால் என்ன? கிலோவா, படியா, முழமா? அலகு போடாத எண்ணைப் பார்த்தால் பேராசிரியர் தாளைக் கிழித்து ஜன்னல் வழியாகப் போடுவார். அதற்குள் மறந்துவிட்டதா?

நா.


ஏப்ரல் 2

சொட்டு,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வந்த அன்று எனக்கு வந்த கோபத்தில் அதை மடித்து மாவு டப்பாவுக்குக் கீழே வைத்தேன். எனக்கே பாடம் எடுக்கிறாளா என்று. தெரிந்ததை முதலில் போட்டுப் பார் என்று சொல்ல நீ யார் என்று. நான் போட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் கோபத்துக்குக் காரணம். இதை எழுத எனக்குப் பத்து நாள் ஆகியிருக்கிறது.

இன்று காலை போட்டேன். தண்ணீர் சின்ன மூலக்கூறு, மூன்றே அணு. டீ ஆறுவதற்குள் கணக்கு முடிந்துவிட்டது. உன் அண்ணனின் புரோகிராம் தாளைத் துப்பியது. 0.74.

சொட்டு, தண்ணீருக்கு 1.85 டிபை. நமக்கு அது சொந்தப் பேர் மாதிரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். மறுபடி போட்டேன். மறுபடி 0.74. அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்து, அந்த நீளத் தாள் முழுவதையும் அடிக்கச் சொல்லி, கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அங்கே மொத்த மொமென்ட் என்று இரண்டு வரி. மேல் வரியில் அணு அலகு, 0.74. கீழ் வரியில் டிபை, 1.88.

புரிகிறதா? பழைய புரோகிராம் டிபையில் மட்டும்தான் தரும். புதியது இரண்டிலும் தருகிறது. இது எனக்குத் தெரியாது. உன் அண்ணனின் புரோகிராம் மேல் வரியைப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறது. நான் அதன் தலையில் என் கையாலேயே 'டிபை' என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அணு அலகில் ஒன்று என்றால் டிபையில் 2.54. நீ வகுத்துப் பார்த்தாயே, அதே இரண்டரைதான்.

அவரை நிற்க வைத்துக் கேட்டேன். "ரெண்டு வரி இருந்துச்சு. ரெண்டும் ஒரே விஷயம்னு எழுதியிருந்துச்சு. முதல்ல வந்ததை எடுத்தேன். சின்னதா, பார்க்க அழகாவும் இருந்துச்சு" என்றார். அழகாம். நான்கு வாரமாக நாம் இரண்டு பேரும் இங்கே ஒருவர் தலைமுடியை ஒருவர் பிய்த்துக்கொண்டிருக்க, இவர் குழந்தைக்குப் பொம்மை ஆட்டிக்கொண்டிருந்தார். பாவம், அவர் மேல் தப்பில்லை. வேதியியல் படித்தது நான். தலைப்பு எழுதியது நான். தெரிந்ததைப் போட்டுப் பார்க்காதது நான்.

என் எண்களை 2.54-ஆல் பெருக்கிவிட்டேன். முதல் சாயம் 6.1, உன் 6.2-ஐ ஒட்டியே. மூன்றாவது 4.8. ஏழாவது 7.6. உன்னுடையதுதான், உன்னுடையதேதான். ஏழு வருஷமாக நீ ஒரு சொட்டுகூடத் தப்பாக அளக்கவில்லை. ஒன்பதாவது மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. எனக்கு 4.3, உனக்கு 5.1. அதை மட்டும் ஒரு தடவை பார்.

பேராசிரியருக்கும் இதே தபாலில் எழுதுகிறேன், தப்பு முழுக்க என்னுடையது என்று. அவர் கரும்பலகையில் அதையும் எழுதட்டும்.

என்னை மன்னித்துவிடு. எண்ணுக்காக இல்லை. எண் யாருக்கும் தப்பும். உன் கை எப்படிப்பட்டது என்று ஆறு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, ஒரு தாளை நம்பினேன் பார், அதற்காக.

தசமம்


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

இன்று விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். மற்றவர் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் தெரிந்தது, அதனால்.

இரண்டாவது சாயத்தையும் மறுபடி அளந்து முடித்தேன். பழைய எண்ணே வந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பயம்தான் வந்தது. பழைய தப்பையே மறுபடி ஒழுங்காகச் செய்கிறேனோ என்று. உங்களிடமிருந்து பதிலும் வரவில்லை. தண்ணீரைப் போட்டுப் பார்த்திருப்பீர்கள், சரியாக வந்திருக்கும், அதை எழுதி என்னை இன்னும் நோகடிக்க வேண்டாம் என்று விட்டிருப்பீர்கள். அது உங்கள் சுபாவம்தான்.

நாள்காட்டியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் ஜூன் 30-க்குள் வராது. பேராசிரியர் ஒரு வார மாநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையால் கடிதத்தை வாங்கி, நின்றபடியே படித்தார். மறுபடி உறையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குள் போனார். நான் திரும்பிப் பார்க்காமல் அறைக்கு வந்துவிட்டேன். நாளையிலிருந்து ஆய்வகத்துக்குப் போகப் போவதில்லை.

ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை வேலை இருக்கிறது. கேட்டால் கிடைக்கும். மோசமில்லை.

கோபம் எல்லாம் தீர்ந்துவிட்டது. கோபம் இருந்தவரை நிமிர்ந்து நின்றேன், இப்போது அதுவும் இல்லை. ஒருவேளை நீதான் சரியோ என்னவோ. ஏழு வருஷமும் நான் தண்ணீரைத்தான் அளந்துகொண்டிருந்தேனோ என்னவோ.

குழந்தைக்கு ஒரு முத்தம். அண்ணனிடம் மெதுவாகச் சொல்லுங்கள். என்னைப் படிக்க வைத்தது அவன்.


ஏப்ரல் 7, விரைவுத் தபால்

மடச்சி,

உன் கடிதம் இன்று வந்தது. தேதியைப் பார்த்தேன். நான் உனக்கு எழுதிய அதே நாள். அந்த இரண்டு கடிதமும் நடுவழியில் ஏதோ ஒரு ரயில் நிலையத்தில் எதிர் எதிரே போயிருக்கும். ஒன்றை ஒன்று பிடித்து நிறுத்தியிருக்கக் கூடாதா?

காலையிலேயே தந்தி கொடுத்துவிட்டேன். கிடைத்திருக்கும். 'தண்ணீர் 0.74 அணு அலகு. உன் எண்கள் சரி. கடிதத்தைத் திரும்ப வாங்கு.' தந்தி அலுவலகத்தில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எண்ணுக்குப் பக்கத்தில் அலகு வேண்டுமா, எடுத்துவிட்டால் சொல் குறையுமே என்றார். "உயிரே போனாலும் எடுக்கக் கூடாது" என்றேன்.

ஆய்வகத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அப்புறம் உன் அண்ணன் எங்கெங்கோ விசாரித்து மாநாடு நடக்கும் விடுதியின் எண்ணைப் பிடித்தார். பேராசிரியர் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வந்து பேசினார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அணு அலகு, மேல் வரி, கீழ் வரி, எல்லாம். அப்புறம், "ரெண்டு பேரையும் நான்தானே பழக்கினேன்" என்றார். திட்டுகிறாரா, தன்னைத்தானே நொந்துகொள்கிறாரா என்று தெரியவில்லை. உன் விலகல் கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். "அது பத்திரமா காஞ்சிட்டிருக்கு" என்றார். லைன் கட்டாகிவிட்டது.

காய்கிறதா? என்ன காய்கிறது? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ ஓடிப்போய்ப் பார். அலுவலகத்தில் முத்திரை குத்தி உள்ளே அனுப்பியிருந்தால், அந்த ஆள் கையிலிருந்து பிடுங்கு. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ரயிலில் வரவும் தயார்.

'ஒருவேளை நீதான் சரியோ' என்று எழுதியிருக்கிறாய். முழுக் கடிதத்திலும் அந்த ஒரு இடத்தில்தான் என்னை 'நீ' என்கிறாய். அதைப் படித்துத்தான் அதிகம் அழுதேன். நான் சரியில்லை. நீதான் சரி.

தசமம்


ஏப்ரல் 9

அடியே தசமம்,

அழாதே. எல்லாம் சரியாகிவிட்டது. முதலில் இதைப் படித்துவிட்டு, மீதியை நிதானமாகப் படி.

உன் ஏப்ரல் 2-ஆம் தேதிக் கடிதம் எனக்கு ஏழாம் தேதி மாலை வந்தது. நீ சொன்னபடி உட்கார்ந்துதான் படித்தேன். படித்து முடித்து, தலையணையில் முகத்தை வைத்துச் சிரித்தேன், அழுதேன், எது எப்போது என்று தெரியவில்லை. பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டி, யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டாள். "இல்ல, ரெண்டு புள்ளி அஞ்சு நாலு" என்றேன். அவள் போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் விலகல் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. மறுநாள் காலை அலுவலகம் திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்றேன். எழுத்தர் எல்லாக் கோப்பையும் புரட்டினார். அப்படி ஒன்று வரவே இல்லை என்றார். பேராசிரியரின் அறை பூட்டியிருந்தது. உன் தந்தியும் அப்போதுதான் வந்து சேர்ந்தது. கடிதத்தை எங்கே போய்த் திரும்ப வாங்குவது? மனசைத் தேற்றிக்கொள்ள ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரியும். வேலை செய்வது. ஒன்பதாவது சாயம் இடிக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதையாவது எடுத்துப் பார்க்கலாம் என்று ஆய்வகத்துக்குள் போனேன்.

சாய பாட்டில்கள் எல்லாம் டெசிக்கேட்டரில்தானே இருக்கும். அந்தப் பெரிய கண்ணாடிப் பாத்திரம், அடியில் ஈரம் உறிஞ்சும் நீல மணிகள். மூடியை வழக்கம்போலப் பக்கவாட்டில் நகர்த்தினேன். எட்டாவது பாட்டிலுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவில், செங்குத்தாக, என் உறை நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் பேராசிரியரின் கோழிக்கிறுக்கல். 'ரொம்ப ஈரமாக இருக்கிறது. ஒரு வாரம் உலர்த்தவும். அதன் பிறகும் எடை மாறாமல் இருந்தால் மட்டும் அனுப்பவும்.'

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன், தசமம். எனக்கு அவர் மேல் ஒரு மாதமாக இருந்த கோபம் என்ன ஆனது என்றே தெரியவில்லை. கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன், கரும்பலகைக்காக. உறையைப் பிரிக்காமலேயே நான்காகக் கிழித்தேன். ஏழு வருஷத்தில் எனக்கு இவ்வளவு லேசாக மூச்சு வந்ததில்லை.

இனி என் பங்குக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒன்பதாவது பாட்டிலின் மூடியில் முடி அளவுக்கு ஒரு விரிசல். விரலில் தடவினால்தான் தெரிகிறது. நீ சொன்ன 4.3 சரியாகத்தான் இருக்கும். என் 5.1-இல் தண்ணீர் இருக்கிறது. பன்னிரண்டில் ஒன்றில் உண்மையாகவே தண்ணீர் புகுந்திருக்கிறது, நான்தான் மூன்று மடங்கு என்று பார்த்தும் 'அதை விடுங்கள்' என்று தள்ளிவிட்டேன். ஒரு சொட்டுகூடத் தப்பாக அளக்கவில்லை என்று எழுதியிருந்தாய். ஒரு சொட்டு உண்டு.

அண்ணனைத் திட்டாதே. மேல் வரி அழகாக இருந்ததாமே! இதை அவனுக்கு அறுபது வயதாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம்.

சொட்டு


ஏப்ரல் 20

சொட்டுக் கண்ணு,

நீ நான்காகக் கிழித்ததைப் படித்ததும் குழந்தையைத் தூக்கிச் சுற்றினேன். அவள் என் தோளில் பாலைக் கக்கினாள். அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பேராசிரியர் எனக்குப் பதில் போட்டிருக்கிறார். ஒரே வரி. 'இனிமேல் தண்ணீர் இல்லாமல் எந்தக் கணக்கையும் அனுப்பாதே.' அதை என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன் திருந்திவிட்டார். திருந்தியதுதான் தாங்க முடியவில்லை. அவருடைய புரோகிராம் இப்போது ஒவ்வொரு எண்ணையும் மூன்று அலகில் அடிக்கிறது. டிபை, அணு அலகு, அப்புறம் கூலும் மீட்டர். தண்ணீரின் கூலும் மீட்டர் கணக்கைப் பார்த்துவிட்டு, "இது என்ன, புள்ளிக்கு அப்புறம் இருபத்தொன்பது பூஜ்யம்? இவ்வளவு சின்ன விஷயத்துக்கா ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டீங்க?" என்றார். இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்பதற்காகத்தான் தனியாக டிபை என்று ஒன்றை வைத்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். வீட்டிலும் அதே கதைதான். பால் புட்டியில் '120 மில்லிலிட்டர்' என்று சீட்டு. கதவில் 'உயரம் 2 மீட்டர்' என்று சீட்டு. கதவு என்ன கேட்டது இவரை?

ஒன்பதாவதை நிதானமாக அள. நான் இங்கிருந்து ஒன்றும் கேட்க மாட்டேன். நீயாகச் சொல்லும்வரை என் எண்ணையும் மறந்துவிடு.

குட்டி ஏழு கிலோகிராம் முந்நூற்று ஐம்பது கிராம். மருத்துவமனைத் தராசு. முதலில் அதில் ஒரு கிலோ படிக்கல்லை வைத்துச் சரிபார்க்கச் சொன்னேன். நர்ஸ் என்னை முறைத்தாள்.

தசமம்


ஜூன் 28

தசமம்,

இன்று பதினொரு மணிக்கு ஆய்வேட்டைக் கொடுத்தேன். ஐந்து பிரதி. எழுத்தர் முத்திரை குத்தும்போது எனக்கு ஒவ்வொரு குத்தும் காதில் இனித்தது. இரண்டு நாள் மிச்சம் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒன்பதாவது சாயம் 4.4. புதிய மூடி, புதிய பாட்டில், மூன்று தடவை. உன் 4.3-க்குப் பக்கத்தில் அது உட்கார்ந்ததைப் பார்த்தபோது, நாம் இரண்டு பேரும் பழைய மேசையில் உட்கார்ந்திருந்தது போல இருந்தது.

போன செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் பேராசிரியர் அதே இரண்டு கட்டத்தை மறுபடி போட்டார். ஒவ்வொன்றின் தலையிலும் பெரிய எழுத்தில் அலகு. அதே எட்டுப் பேர். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. இடது கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, சாக்பீஸை என் கையில் கொடுத்தார். "எழுதும்மா. உன் எண்ணு உனக்குத்தான் தெரியும்" என்றார். பன்னிரண்டையும் தாளைப் பார்க்காமல் எழுதினேன். மிச்சம் வைத்திருந்த கோபம் அங்கேயே செலவாகிவிட்டது.

ஆய்வேட்டின் கடைசியில் ஒரு பட்டியல் சேர்த்திருக்கிறேன். எல்லாச் சாயமும் மூன்று அலகிலும். அவற்றுக்கெல்லாம் முன்னால், முதல் வரியில், தண்ணீர். யாரும் கேட்கவில்லை. தேர்வாளர் இது எதற்கு என்று கேட்டால் சொல்லிக்கொள்கிறேன். நன்றிப் பக்கத்தில் உன் பேரும் அண்ணன் பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. கணக்குக்காக உனக்கு. 2.54-க்காக அவனுக்கு.

பெட்டியை மறுபடி எடுத்து வைத்துவிட்டேன். மார்ச்சில் வெளியே எடுத்த அதே துணிகள். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அண்ணனை நிலையத்துக்கு அனுப்பாதே, நடைமேடை எண்ணைத் தப்பாகப் பொறுக்கி வைப்பான். நீ வா. குட்டியைத் தூக்கிக்கொண்டு வா.

போன வாரம் நீ எழுதியிருக்கிறாய், அவள் எட்டு கிலோ நூறு கிராம் என்று. அலகெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. தராசையும் சரிபார்த்திருப்பாய். இருந்தாலும், நான் என் கையால் தூக்கிப் பார்க்காமல் எந்த எண்ணையும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று உனக்குத் தெரியாதா, டீ?

சொட்டு
அவளுக்கு அத்தை